கோப்புப் பையும் குளிசைச் சிட்டையும்: உளநலம், மனித உரிமை பற்றித் திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூதூர், கிண்ணியா, குச்சவெளி, பட்டணம் என்று பத்து வருடத்துக்கு மேலாக உளவளத்துணையாளராக அலைகிறேன். கூட்டம் எந்த ஊரில் வைத்தாலும் கேள்விகள் மட்டும் அதேதான். ஒவ்வொரு முறையும் பாதி பதில் சொல்வதற்குள் தேநீர் வந்துவிடும், அப்புறம் லோஞ்ச் படகுக்கு நேரமாகிவிடும். அதனால் முழுதாக எழுதி வைக்கிறேன். கேள்விகளைச் சனம் கேட்டபடியே போட்டிருக்கிறேன். சிலது கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கும்.

உங்களிடம் வந்து கதைத்தால் காணாமல் போன என் மகன் வருவானா?

வரமாட்டார், அம்மா. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாமல் மழுப்பிய ஆட்களால்தான் எங்கள் தொழிலுக்குக் கெட்ட பெயர்.

மூதூர்ப் பக்கம் ஒரு அம்மா. ஒரு பொலித்தீன் பையை மடியில் வைத்தபடிதான் எப்போதும் இருப்பார். உள்ளே மகனின் அடையாள அட்டைப் பிரதி, பொலிஸ் முறைப்பாடு, செஞ்சிலுவைக்குக் கொடுத்த சிட்டை, ஒவ்வொரு ஆணைக்குழுவும் தந்த இலக்கம், மடித்து மடித்து நடுவில் கிழிந்துபோன ஒரு பாடசாலைப் படம். ஒருநாள் ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் பரப்பினார். நடுவில் ஒரு கிளினிக் சிட்டையும் கிடந்தது. நித்திரைக் குளிசைக்கு எழுதியது. அது தவறி வந்துவிட்டது என்று நினைத்து எடுத்து நீட்டினேன். "அங்கேயே வை மகள். எல்லாம் ஒரே வருத்தம்தான்" என்றார்.

எங்கள் பேச்சில் வருத்தம் என்றால் கவலையும்தான், நோயும்தான். அந்த அம்மா சொன்னதைத்தான் மிச்சக் கேள்விகளிலும் நான் விளக்கப் பார்க்கிறேன்.

மற்றவர்கள் துக்கம் ஆறிவிடுகிறது. எனக்கு ஏன் இத்தனை வருடமாக ஆறவில்லை?

செத்தவருக்கும் காணாமல் போனவருக்கும் துக்கம் ஒன்றல்ல. அமெரிக்காவில் பவுலின் பொஸ் என்ற அறிஞர் 1970களில், வியட்நாம் போரில் காணாமல் போன படையினரின் குடும்பங்களோடு வேலை செய்து இதற்கு ஒரு பெயர் வைத்தார். தெளிவற்ற இழப்பு என்று சொல்லலாம். ஆள் இல்லை, ஆனால் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. இப்படிப்பட்ட துக்கம் ஆறாமல் இருப்பது அந்த ஆளின் பலவீனம் அல்ல, நிலைமையே ஆறவிடாத நிலைமை என்பது அவர் சொன்னது.

எங்கள் ஊரில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். செத்தவருக்கு 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்குக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகிற வழக்கம் நமக்கு உண்டு. இராவணன் தாய்க்குக் கிரியை செய்யத்தான் அந்த ஏழு கிணறும் உண்டானது என்று கதை. காணாமல் போனவனுக்கு எந்த நாளை வைத்து 31 எண்ணுவது? முஸ்லிம் குடும்பத்தில் கணவர் மௌத்தானால் மனைவி 4 மாதம் 10 நாள் இத்தா என்ற காத்திருப்பில் இருப்பார். மௌத்தே உறுதியில்லாதவருக்கு எப்போது தொடங்கி எப்போது முடிப்பது? துக்கத்தைச் சுமந்து கரைசேர்க்க நம் சமூகங்கள் செய்துவைத்த ஓடங்கள் இவை. அதில் ஏறவே இந்தக் குடும்பங்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

ஆகவே "மறந்துவிடுங்கள்" என்று நான் சொல்வதில்லை. தேடிக்கொண்டே வாழ்வது எப்படி, மிச்சப் பிள்ளைகளுக்கும் ஒரு அம்மாவாக இருப்பது எப்படி என்பதைத்தான் சேர்ந்து யோசிப்போம்.

மரணச் சான்றிதழ் எடுத்தால் மனம் தெளியுமா? எடுக்கச் சொல்லிக் கரைச்சல் தருகிறார்கள்.

உங்கள் விருப்பம். யாரும் தள்ளக்கூடாது. 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கினார்கள். பல தாய்மாருக்கு அது பிள்ளையைத் தங்கள் கையெழுத்தால் கொல்வது மாதிரி இருந்தது. அந்தச் சட்டம் 2016இல் திருத்தப்பட்டு, காணப்படாமைச் சான்றிதழ் வந்தது. இறந்துவிட்டார் என்று எழுதாமலே வங்கிக் கணக்கு, காணி, உதவிப்பணம் போன்ற அலுவல்களைப் பார்க்க அது உதவும். ஒரு கடதாசியில் எந்தச் சொல் எழுதப்படுகிறது என்பது ஒரு தாயின் நித்திரையைத் தீர்மானிக்கிறது என்றால், உளவியல் எங்கே முடிகிறது, சட்டம் எங்கே தொடங்குகிறது?

சரி, உளவியலுக்கும் மனித உரிமைக்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் மனதைப் பாருங்கள், உரிமையைச் சட்டத்தரணி பார்ப்பார்.

அப்படிப் பிரித்துவைத்தது வசதிக்காகத்தான். எல் சல்வடோர் நாட்டில் இக்னாசியோ மார்ட்டின் பாரோ என்று ஒரு இயேசு சபைப் பாதிரியார் இருந்தார். சமூக உளவியலாளர். உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், போரின் காயம் தனி ஆளின் தலைக்குள் மட்டும் இல்லை, ஆளுக்கும் ஆளுக்கும் இடையிலான உறவில் இருக்கிறது என்று எழுதினார். பயம், சந்தேகம், பொய்க்குப் பழகிப்போதல், இவையெல்லாம் சேர்ந்ததுதான் காயம். அப்படியானால் ஒரு அறைக்குள் ஒரு ஆளை இருத்தி மட்டும் அதைக் குணமாக்க முடியாது. 1989 நவம்பர் 16 அன்று படையினர் அவரையும், உடனிருந்த ஐந்து பாதிரிமாரையும், வீட்டு வேலை செய்த பெண்ணையும், அந்தப் பெண்ணின் மகளையும் சுட்டுக் கொன்றார்கள். உளவியலுக்கும் உரிமைக்கும் சம்பந்தமில்லை என்று அந்தப் படையினர் நினைக்கவில்லை போலும்.

சட்டப் பக்கமும் பாருங்கள். பொருளாதார, சமூக, கலாசார உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980இல் சேர்ந்தது. அதன் 12ஆம் உறுப்புரை உடல் நலத்தோடு உளநலத்தையும் உரிமை என்கிறது. வலிந்து காணாமலாக்கப்படுவதற்கு எதிரான சமவாயத்தை 2016இல் ஏற்றோம், 2018இல் அதற்குச் சட்டமும் வந்தது. அந்தச் சமவாயம் காணாமல் போனவரை மட்டும் பாதிக்கப்பட்டவர் என்று சொல்லவில்லை. அதனால் நேரடியாகத் துன்பப்பட்டவரும் பாதிக்கப்பட்டவர்தான் என்கிறது. பொலித்தீன் பை வைத்திருக்கிற அம்மாவும் அதற்குள் வருகிறார். அவர் உண்மையை அறியும் உரிமை உள்ளவர் என்றும் அது சொல்கிறது.

யுத்தத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் மனநோயாளிகளா?

இல்லவே இல்லை. நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு நோய் என்ற பெயர் அமெரிக்க மனநல வகைப்பாட்டில் ஏறியதே 1980இல்தான். அது பயனுள்ள பெயர், சிலருக்கு மிகவும் பொருந்தும். ஆனால் எங்களிடம் வருகிறவர்கள் அந்தப் பெயரோடு வருவதில்லை. நெஞ்சு பாரம், தலையிடி, உடம்பு உளைவு, கனக்க யோசனை, பெருமூச்சு. இவைதான் வரும். யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் வேலை செய்த மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம், போர் தனி ஆளை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்து உடைக்கிறது என்று திரும்பத் திரும்ப எழுதியவர். ஊரே உடைந்திருக்கும்போது ஒரு ஆளுக்கு மட்டும் நோய்ப்பெயர் கொடுத்து அனுப்புவது அரைகுறை வேலை.

இன்னொரு விஷயம். இலங்கையில் போரும் கடற்கோளும் பார்த்த இளம் பிள்ளைகளிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில், வறுமை, வீட்டுக்குள் அடி போன்ற அன்றாட நெருக்கடிகளுக்கும் பிள்ளைகளின் உளநலத்தில் பெரும் பங்கு இருப்பது தெரியவந்தது. இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. நித்திரை இல்லை என்று வந்த ஒரு பெண்ணிடம் செல்லடியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று வெள்ளிக்கிழமை, நுண்கடன்காரர் வருகிற நாள்.

நடந்ததை எல்லாம் வாய்விட்டுச் சொன்னால் பாரம் இறங்கும் என்கிறார்களே?

சிலவேளை இறங்கும். சிலவேளை இன்னும் ஏறும். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நல்ல மனதோடு அதிகம் கெடுதல் நடந்திருக்கிறது.

முதலில் நல்ல பக்கம். சிலி நாட்டில் பினோசே ஆட்சிக் காலத்தில் சித்திரவதைப்பட்டவர்களோடு வேலை செய்த உளவியலாளர்கள், அவர்கள் சொன்னதைப் பதிந்து, எழுதி, சேர்ந்து வாசித்து, கையில் கொடுத்தார்கள். அவமானமாக உள்ளே கிடந்தது அரசுக்கு எதிரான சாட்சியமாக மாறியது. 1983இல் அதை வெளியிட்டபோது சொந்தப் பெயரில் எழுத முடியாமல் புனைபெயரில் எழுதினார்கள். அங்கே சொல்வது குணமாக்கியதற்குக் காரணம், கேட்டவர் பக்கத்தில் நின்றார், சொன்னது வீணாகவில்லை.

இனி மறுபக்கம். சியரா லியோனில் போருக்குப் பிறகு ஊர் ஊராக நல்லிணக்கக் கூட்டங்கள் நடந்தன. பாதிக்கப்பட்டவர் சொல்ல, செய்தவர் மன்னிப்புக் கேட்க, நெருப்பைச் சுற்றி இருந்து கதைப்பது. 200 ஊர்களை எடுத்து, பாதியில் இது நடக்க, பாதியில் நடக்காமல் விட்டு ஒப்பிட்டார்கள். 2016இல் முடிவு வந்தது. கூட்டம் நடந்த ஊர்களில் மன்னிப்பு கூடியது, ஊர் வேலைக்குச் சனம் சேர்ந்தது. அதேநேரம் மனச்சோர்வும் பதற்றமும் மனவடுவும் கூடின. ஊர் ஆறியது, ஆட்கள் நொந்தார்கள். ருவாண்டாவிலும் கச்சாச்சா என்ற ஊர் நீதிமன்றங்களில் சாட்சி சொன்னவர்களுக்குச் சொல்லாதவர்களைவிட மனச்சோர்வு அதிகம் இருந்ததாக ஒரு கணக்கெடுப்பு காட்டியது.

உண்மையைக் கேட்கக் கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. கேட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போகக் கூடாது என்பதுதான் பொருள். 2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பிறகு இங்கே எத்தனை பேர் வந்து இறங்கினார்கள் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். ஒரு முகாமில் பிள்ளைகளுக்குக் கலர்ப் பென்சில் கொடுத்து அலை வரையச் சொன்னார்கள். அடுத்த வாரம் வேறொரு குழு வந்து அதையே சொன்னது. மூன்றாவது குழு வந்தபோது ஒரு பொடியன் எழும்பி, "ரீச்சர், பழைய படம் இருக்கு, அதைத் தரவா?" என்று கேட்டானாம். நடந்ததை ஒரே அமர்வில் கிளறி எடுத்துவிட்டுப் போகிற அந்த முறையைச் செய்ய வேண்டாம் என்றுதான் இப்போதைய வழிகாட்டல்கள் சொல்கின்றன. 2007இல் ஐநா அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டலில் அடித்தளமாக இருப்பது பாதுகாப்பும் சாப்பாடும் கூரையும். அதன்மேல் குடும்பமும் ஊரும். சிறப்புச் சிகிச்சை உச்சியில், சிலருக்கு மட்டும்.

ஆணைக்குழுவுக்கோ வேறு விசாரணைக்கோ போகிறவர்களுக்கு நான் சொல்வது: தனியாகப் போகாதீர்கள். போகுமுன் இரவும் வந்தபின் இரவும் யார் கூட இருப்பார் என்று முடிவெடுத்துவிட்டுப் போங்கள். ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லாமல் விடலாம்.

திகதியை மாற்றிச் சொன்னால் அது பொய்ச் சாட்சிதானே?

பயத்தில் பதிந்த ஞாபகம் நாட்காட்டி மாதிரி இருக்காது. சப்பாத்தின் நிறம், வண்டியின் மணம், நாய் குரைத்த திசை அப்படியே நிற்கும். கிழமையும் மணியும் குழம்பும். சித்திரவதையை விசாரித்து ஆவணப்படுத்துவதற்கான இஸ்தான்புல் நெறிமுறை 1999இல் வந்து 2022இல் புதுப்பிக்கப்பட்டது. உடல் தழும்போடு மனத்தழும்பையும் எப்படிப் பார்த்து எழுதுவது என்று அது சொல்கிறது. முன்னுக்குப்பின் முரண் என்பதாலேயே ஆளைப் பொய்யர் ஆக்கக்கூடாது என்பதும் அதில் ஒரு பாடம். இலங்கையில் சித்திரவதைக்கு எதிரான சட்டம் 1994 முதல் இருக்கிறது. சட்டம் இருந்தும் நீதிமன்றத்தில் உளவியல் சாட்சியத்தின் பெறுமதி தெரிந்தவர்கள் போதாது என்பது என் மனக்குறை.

வழக்கே நடக்கவில்லை, நடந்தாலும் விடுதலை. அப்புறம் உளவளத்துணை என்ன செய்யும்?

2006 ஜனவரி 2 அன்று நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டது உங்கள் எல்லாருக்கும் தெரியும். 2019 ஜூலையில், போதிய சான்று இல்லை என்று 13 சந்தேகநபர்களும் விடுவிக்கப்பட்டார்கள். அதே 2006 ஆகஸ்டில் மூதூரில் 17 தொண்டுப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்கும் இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

தண்டனை இல்லாமை என்பது பழைய காயத்தில் மருந்து போடாமல் விடுவது மட்டுமல்ல, அது தனியாக இன்னொரு காயம் என்று தென்னமெரிக்க உளவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். "உனக்கு நடந்தது ஒன்றுமில்லை" என்று அரசு ஒவ்வொரு நாளும் சொல்வதற்குச் சமம் அது. நான் அதைச் சரிசெய்ய முடியாது. நடந்தது நடந்ததுதான், உங்கள் கோபத்தில் பிழையில்லை என்று பக்கத்தில் இருந்து சொல்லலாம். கோபத்தைக் குறைக்கக் குளிசை கேட்டு எந்தக் குடும்பத்தையும் நான் அனுப்பியதில்லை. நித்திரைக்கு அனுப்பியிருக்கிறேன்.

மூன்று இனப் பிள்ளைகளையும் சேர்த்து விளையாட்டுப் போட்டி வைத்தால் நல்லிணக்கம் வந்துவிடுமா?

பிள்ளைகளுக்கு ஒரு நல்ல நாள் கிடைக்கும். அவ்வளவுதான். குத்துவிளக்கு, மூன்று மொழியில் வரவேற்பு, பொதிச்சோறு, குழுப்படம்.

கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இலேயே சொன்னார்: வெவ்வேறு குழுக்கள் சும்மா சந்தித்தால் போதாது. அந்த இடத்தில் சம அந்தஸ்து வேண்டும், பொதுவான நோக்கம் வேண்டும், சேர்ந்து வேலை செய்தால்தான் காரியம் நடக்கும் என்ற நிலை வேண்டும், அதிகாரத்தில் உள்ளவர் அதை ஆதரிக்க வேண்டும். நம் மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் கணிசமாக இருக்கிறோம். சந்தையில் தினமும் முகம் பார்க்கிறோம். கிண்ணியாவுக்கு 2009இல் பாலம் வந்து, பாதைப் படகுக்குக் காத்துநின்ற காலமும் போய்விட்டது. சந்திப்புக்குப் பஞ்சமில்லை. மற்ற நாலுக்கும்தான் பஞ்சம்.

எனக்குப் பிடித்த உதாரணம் மாவிலாறு. 2006 ஜூலையில் அந்த அணைக்கட்டின் மதகை மூடியதில்தான் இங்கே போர் மறுபடி வெடித்தது. மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள். சம்பூர், ஈச்சிலம்பற்றுத் தமிழர்கள் வாகரை, மட்டக்களப்பு என்று ஓடினார்கள். தண்ணீர் வராமல் சேருவில பக்கத்துச் சிங்கள விவசாயிகளின் வயல் காய்ந்தது. இன்று அந்தத் தண்ணீரில்தான் வயல் விளைகிறது. அந்தப் பக்கத்தில் ஒரு பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு ஒருக்கா போயிருந்தேன். வாய்க்கால் எந்தத் திகதி திறப்பது, கட்டாக்காலி மாட்டுக்கு என்ன தண்டம் என்று ஒரே சத்தம். ஒரு சிங்கள ஐயா தமிழில் பாதி, சிங்களத்தில் பாதியாகச் சண்டை பிடிக்கிறார். அவருக்கு ஆதரவாகப் பேசியது ஒரு கிண்ணியாக்காரர், எதிர்த்ததும் இன்னொரு கிண்ணியாக்காரர். அங்கே யாரும் நல்லிணக்கம் என்ற சொல்லைச் சொல்லவில்லை. ஆல்போர்ட் கேட்ட நாலும் அந்தக் கொட்டகையில் இருந்தன.

மன்னிக்கச் சொல்கிறீர்களா?

இல்லை. மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் சொந்த விஷயம். அதைத் திட்டத்தின் இலக்காக எழுதி நிதி கேட்கிறவர்களிடம் எனக்குச் சண்டைதான்.

காணி திரும்பக் கிடைத்துவிட்டது. பிறகும் ஏன் மனம் ஒட்டவில்லை?

சம்பூர்ச் சனம் 2006இல் ஓடியது. காணி மீண்டது 2015, 2016இல். இடையில் கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலில் பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போகிற வயதாகிவிட்டது. ஊருக்குத் திரும்பிய ஒரு தாத்தா தன் வளவைக் கண்டுபிடிக்க மூன்று நாள் எடுத்ததாகச் சொன்னார். வேலி இல்லை, கிணறு மூடப்பட்டிருந்தது. கடைசியில் ஒரு புளியங்குற்றியை வைத்து, "இதிலிருந்து இருபது எட்டு கிழக்கே குசினி" என்று அளந்து பார்த்தாராம். அதன்பின் அந்தக் குற்றியைப் பிடுங்க மகனை விடவில்லை. பத்து வருடம் ஊரைவிட்டு இருந்தவருக்கு ஊரும் அந்நியம்தான். திறப்பு விழாவோடு மீள்குடியேற்றம் முடிந்தது என்று கணக்கை மூடுகிறார்கள். உண்மையில் அன்றுதான் மனம் வீடு தேடத் தொடங்குகிறது.

யுத்தத்தைக் காணாத பிள்ளைகளுக்கு ஏன் இந்தக் கோபமும் பயமும்?

வீட்டில் யாரும் சொல்வதில்லை, ஆனால் எல்லாரும் ஒருமாதிரி இருக்கிறார்கள். பட்டாசுக்கு அப்பா குதிக்கிறார், ஏன் என்று கேட்டால் அதட்டல். பிள்ளை தானாக ஒரு கதையைக் கட்டிக்கொள்கிறது, அது நடந்ததைவிடப் பயங்கரமாக இருக்கும். வயதுக்கு ஏற்றபடி கொஞ்சமாவது சொல்லுங்கள். அம்மம்மா ஏன் காணாமல் போனவரின் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறார் என்று தெரிந்தால் போதும்.

உங்களிடம் சொன்னது வேறு இடத்துக்குப் போகாது என்று எப்படி நம்புவது?

நம்பாமல் கேட்பதே சரி. உளவியல் எப்போதும் நல்லவர் பக்கம் நின்ற துறை அல்ல. 2001க்குப் பிறகு அமெரிக்க உளவுத்துறையின் கொடூர விசாரணை முறைகளை வடிவமைத்ததே இரண்டு உளவியலாளர்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் உயரதிகாரிகள் பாதுகாப்புத் துறைக்கு வசதியாக நெறிமுறைகளைத் தளர்வாக வைத்திருந்ததை 2015இல் வந்த ஹொஃப்மன் அறிக்கை வெளியே போட்டது. சங்கம் மன்னிப்புக் கேட்டு, அத்தகைய விசாரணைகளில் உறுப்பினர் பங்கெடுப்பதைத் தடுத்தது.

ஆகவே முதல் நாளே கேளுங்கள்: என்ன எழுதுகிறீர்கள், எங்கே வைக்கிறீர்கள், யார் பார்க்கலாம்? உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, அல்லது ஒரு பிள்ளைக்குத் துன்பம் என்றால் நாங்கள் சொல்லியாக வேண்டும். அதை முதலிலேயே சொல்லாதவரிடம் கதைக்க வேண்டாம்.

நூல் கட்டினோம், ஓதியும் பார்த்தோம். அது பிழையா?

பிழையில்லை. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் சனத்தைத் தனிமையிலிருந்து வெளியே எடுக்கின்றன. கட்டிவைப்பது, அடிப்பது, பட்டினி போடுவது, குளிசையை நிறுத்தச் சொல்வது, இவை வந்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

குளிசை தொடங்கினால் சாகும்வரை குடிக்க வேண்டுமா?

பெரும்பாலும் இல்லை. எவ்வளவு காலம் என்பது நோயைப் பொறுத்தது. சுகம் வந்தவுடன் நீங்களாக நிறுத்தாதீர்கள், வைத்தியரிடம் கேட்டு மெதுவாகக் குறையுங்கள்.

எங்கே போவது? போனால் ஊர் பைத்தியம் என்று சொல்லுமே.

பெரிய அரச வைத்தியசாலைகளின் மனநலக் கிளினிக்கில் விசாரியுங்கள், பணம் இல்லை. பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்கு உத்தியோகத்தர் இருப்பார், அவரிடம் போவதை ஊர் வேறு அலுவல் என்றுதான் நினைக்கும். இரவில் தாங்க முடியாவிட்டால், சாக வேண்டும் போல் இருந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள்.

முதல் நாள் வருகிறவர்கள் பாதிப்பேர் கோப்பையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், பிரதி எடுத்து, ஜிஎஸ் (கிராம சேவகர்) ஒப்பமும் வாங்கி. எங்களுக்கு அது தேவையில்லை. பாரமான பையோடு லோஞ்ச் ஏறி இறங்கிக் கஷ்டப்பட வேண்டாம், வீட்டில் வைத்துவிட்டு வரலாம். கையை விட்டுப் பிரிய மனமில்லை என்றால் கொண்டுவாருங்கள், மேசையில் இடம் இருக்கிறது.